கடல் கடக்கும் புத்தொழில்: நிறுவனர் குழுவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை, கோவை, மதுரை என்று பல ஊர்களில் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஸ்டார்ட்-அப் தொடங்கியவர்களுடன் சில ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். வெளிநாட்டில் விற்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததும் அவர்கள் கேட்பது எந்த நாடு, என்ன விலை, எவ்வளவு பணம் தேவை என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. உங்களில் யார் எங்கே வேலை செய்திருக்கிறீர்கள்? அந்த ஊரில் உங்களுக்கு யாரைத் தெரியும்? வீட்டைக் காலி செய்துகொண்டு போகத் தயாராக இருப்பவர் யார்? இந்த மூன்றுக்கும் நேர்மையான பதில் கிடைத்துவிட்டால் நாடு, வேகம், வழி ஆகியவற்றில் பாதி அங்கேயே முடிவாகிவிடும். அந்த உரையாடல்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை.

பொருள் நன்றாக இருந்தால் தானாக விற்காதா? நிறுவனர்கள் யார் என்பதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பழைய, பெரிய நிறுவனம் ஒன்று வெளிநாட்டுக்குப் போனால் அதன் பெயர் முன்னே போகிறது. வங்கி உறவு இருக்கிறது, வழக்கறிஞர் இருக்கிறார், தவறு நேர்ந்தால் தாங்கிக்கொள்ளப் பணம் இருக்கிறது. நேற்றுத் தொடங்கிய நிறுவனத்திடம் இவற்றில் எதுவும் கிடையாது. நிறுவனர்களின் தலைக்குள் இருக்கும் அறிவும், அவர்களை நம்பித் தொலைபேசியை எடுக்கும் நான்கு பேரும்தான் அதன் சொத்து. அந்தச் சொத்து எந்த நாட்டில் செல்லுபடியாகுமோ அந்த நாட்டில்தான் அது முதலில் நடக்கப் பழகும்.

லண்டனில் 2011இல் தொடங்கிய ட்ரான்ஸ்ஃபர்வைஸ், அதாவது நாடு விட்டு நாடு பணம் அனுப்ப உதவும் இன்றைய வைஸ், இதற்கு நான் முதலில் சொல்லும் சான்று. நிறுவனர்களான தாவெத் ஹின்ரிகுஸும் கிறிஸ்டோ கேர்மனும் எஸ்டோனியர்கள். தாவெத்துக்குச் சம்பளம் யூரோவில் வந்தது. அவர் குடியிருந்த லண்டனிலோ செலவு பவுண்டில். கிறிஸ்டோவுக்குச் சம்பளம் பவுண்டில். ஆனால் எஸ்டோனியாவில் வீட்டுக்கடன் தவணை கட்ட வேண்டும். வங்கி வழியாக அனுப்பினால் கட்டணத்திலும் மாற்று விகிதத்திலும் ஒரு பகுதி கரைந்துவிடும். எனவே கிறிஸ்டோ தாவெத்தின் லண்டன் கணக்கில் பவுண்டைப் போட்டார். தாவெத் கிறிஸ்டோவின் எஸ்டோனியக் கணக்கில் யூரோவைப் போட்டார். அன்றைய சந்தை விகிதம், இடையில் யாருக்கும் கூலி இல்லை, பணம் எல்லையைத் தாண்டவும் இல்லை. இரண்டு நாடுகளில் கால் வைத்து வாழ்ந்தவர்களுக்கு அன்றாடம் இருந்த எரிச்சல் அது. அந்த எரிச்சலே தொழிலாயிற்று. அந்த நிறுவனம் 2021இல் லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

முதலில் உள்ளூரில் வேரூன்றிவிட்டுத்தானே வெளியே போக வேண்டும்?

நெடுங்காலம் அப்படித்தான் சொல்லப்பட்டது. 1970களில் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாண்ட்விக், அட்லாஸ் காப்கோ, ஃபாசிட், வோல்வோ ஆகிய நான்கு நிறுவனங்களின் வரலாற்றை ஆராய்ந்து ஒரு படிவரிசையைக் கண்டார்கள். எப்போதாவது ஒரு ஏற்றுமதி, பிறகு அந்நாட்டில் ஒரு முகவர், பிறகு சொந்த விற்பனைக் கிளை, கடைசியாகத் தொழிற்சாலை. நாடுகளிலும் அதே வரிசை: மொழியிலும் பழக்கவழக்கத்திலும் நெருங்கியது முதலில், தொலைவானது பிறகு. தெரியாத இடத்தில் ஒரு அடி வைத்து, கற்றுக்கொண்டு, அடுத்த அடி வைப்பது அந்த வழி. மருத்துவக் கருவி, உணவுப்பொருள் போன்று ஒவ்வொரு நாட்டிலும் தனி அனுமதி கேட்கும் தொழில்களுக்கு இன்றும் அது நல்ல வழிதான்.

ஆனால் கணினி மவுஸ் செய்யும் லாஜிடெக்கைப் பாருங்கள். ஸ்விட்சர்லாந்தின் ஆப்பிள்ஸ் என்ற சிற்றூரில் 1981இல் தொடங்கிய நிறுவனம் அது. டேனியல் போரெல் ஸ்விஸ்காரர், பியர்லூய்ஜி ஸப்பகோஸ்டாவும் ஜியாகோமோ மரினியும் இத்தாலியர்கள். போரெலும் ஸப்பகோஸ்டாவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்தபோது பழகியவர்கள். அந்த நிறுவனத்துக்குத் தொடக்கத்திலேயே ஸ்விட்சர்லாந்தில் ஒரு கால், கலிஃபோர்னியாவில் ஒரு கால். ஆரம்பகால வேலைகளில் ஒன்று ஜப்பானின் ரிக்கோவிடமிருந்து வந்தது. சில ஆண்டுகளில் ஹியூலெட் பேக்கார்டுக்கு மவுஸ் செய்து கொடுத்தார்கள். உள்ளூர்ச் சந்தையில் வேரூன்றுவது என்ற கட்டமே அவர்கள் வரலாற்றில் இல்லை. கணினி மவுஸுக்கு அந்தச் சிற்றூரில் என்ன உள்ளூர்ச் சந்தை இருந்திருக்க முடியும்?

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. இளம் நிறுவனத்துக்கு மறக்க வேண்டியது குறைவு. பத்து ஆண்டுகள் உள்ளூரில் மட்டும் விற்றுப் பழகிய குழு, வெளியே போகும்போது விலை சொல்லும் முறை முதல் கடன் கொடுக்கும் முறை வரை எல்லாவற்றையும் உள்ளூர்ப் பழக்கத்திலிருந்து பிய்த்தெடுக்க வேண்டியிருக்கிறது. மென்பொருள் செய்பவர்களிடம் நான் காத்திருக்கச் சொல்வதில்லை.

எங்கள் நால்வரில் ஒருவரும் வெளிநாட்டில் வேலை செய்ததில்லை. அப்படியானால் எங்களுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. ஆனால் முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் மென்பொருள் நிறுவனங்களை ஆராய்ந்து 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பன்னாட்டு அனுபவம் உள்ள குழுக்கள் வெளிநாட்டுக் கூட்டாளிகளை எளிதில் சேர்த்துக்கொண்டதையும், தொடங்கியபின் வெளிநாட்டு விற்பனைக்கு அதிகக் காலம் தாமதிக்காததையும் காட்டியது. அனுபவம் உண்மையிலேயே எடை உள்ளது.

ஆனால் அனுபவம் என்பது கடவுச்சீட்டில் விழுந்த முத்திரை அல்ல. சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸின் கதையை எல்லோரும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் தொடங்குவார்கள். அதன் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து வீடு மாற்றிச் சென்னை வந்தபோது அவருடைய தொலைக்காட்சி உடைந்துபோனதும், காப்பீட்டுத் தொகைக்காக அலைந்ததும், இணையத்தில் எழுதியபின்பே பணம் வந்ததும் பலருக்கும் தெரிந்த செய்தி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவரும் இணை நிறுவனர் ஷான் கிருஷ்ணசாமியும் அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது. இருவரும் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளைச் சென்னையில் உட்கார்ந்து உலகத்துக்கு விற்பதை உள்ளிருந்து பார்த்தவர்கள். யார் வாங்குவார், எந்த விலையில் தயங்குவார், எந்த நேரத்தில் பதில் எதிர்பார்ப்பார் என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாட வேலையாக இருந்தது. 2010இல் கீழ்க்கட்டளையில் ஒரு சிறிய இடத்தில் தொடங்கினார்கள். 2011இல் கிடைத்த முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஒரு கல்விக்கூடம். பத்தாண்டுகள் கழித்து, 2021 செப்டம்பரில், நிறுவனம் நியூயார்க்கில் நாஸ்டாக் சந்தையில் ஏறியது.

உங்கள் குழுவில் அந்த அனுபவம் இல்லையென்றால் அதைச் சம்பாதிக்க ஒரு வழி உண்டு. சுகமான வழி அல்ல. முதல் ஐம்பது வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தொலைபேசி அழைப்பையும் மின்னஞ்சலையும் நிறுவனர்களே எடுங்கள். இரவு இரண்டு மணியானாலும் நீங்களே. ஆறு மாதத்தில் உங்களுக்குக் காது பழகிவிடும்: "யோசித்துச் சொல்கிறேன்" என்று ஒரு ஜெர்மானியர் சொல்வதும் ஓர் அமெரிக்கர் சொல்வதும் வேறு வேறு என்று புரியத் தொடங்கும். இந்தப் பாடத்தை ஊழியர் ஒருவர் உங்களுக்காகப் படித்துவிட்டு வந்து சொல்ல முடியாது.

வெளிநாட்டில் எம்.எஸ். படித்தது கணக்கில் வருமா?

நண்பர்களைத் தந்திருந்தால் வரும். பட்டம் மட்டும் என்றால் வராது. அங்கே படித்த இரண்டு ஆண்டுகளைவிட, அங்கே ஒரு நிறுவனத்தில் விற்பனைக் குழுவில் உட்கார்ந்த ஆறு மாதத்துக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

முதல் நாடாக எதைத் தேர்ந்தெடுப்பது? எங்களுக்குத் தெரிந்த நாட்டையா, சந்தை பெரிதாக இருக்கும் நாட்டையா?

தெரிந்த நாட்டை. ஆனால் "தெரிந்த" என்ற சொல்லில் பலர் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

கொங்குப் பகுதியில் மூன்று நண்பர்கள் நூற்பாலைகளுக்கும் பின்னலாடை ஆலைகளுக்கும் ஒரு மென்பொருள் செய்தார்கள். எந்திரம் பழுதாவதற்கு முன்பே எச்சரிக்கும் நல்ல பொருள். ஒருவருடைய மைத்துனர் டொரன்டோவில் இருந்தார். வீட்டில் தங்கிக்கொள்ளலாம், வழிகாட்டுவார், ஊரில் தமிழர்கள் நிறைய. கனடாவில் நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். பதினான்கு மாதங்கள் போயின. மைத்துனர் மிகவும் நல்லவர். வங்கிக்கும் வாடகை வீட்டுக்கும் அவர்தான் அலைந்தார். ஆனால் அவர்கள் பொருளை வாங்கக்கூடிய ஆலைகள் அங்கே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன. ஆலைகள் நிறைந்திருந்தது வங்கதேசத்தில், வியட்நாமில், துருக்கியில். அந்த நாடுகளில் அவர்களுக்கு உறவினர் இல்லை. ஆனால் அவர்களில் ஒருவர் முன்பு எந்திர விற்பனையாளராக டாக்காவுக்கு ஆறேழு முறை போய்வந்தவர்! ஆலை மேலாளர்கள் பலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தை அவர்கள் சொத்தாக எண்ணியே பார்க்கவில்லை. மைத்துனர் வீட்டைச் சொத்தாக எண்ணினார்கள்.

எனவே தெரிந்தவர் என்றால் அந்தத் தொழிலுக்குள் இருப்பவர் என்று பொருள் கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, கனடா எங்கும் நம் மக்கள் இருப்பது பெரிய ஆறுதல். அவர்கள் உங்களுக்குச் சோறு போடுவார்கள், விமான நிலையத்துக்கு வருவார்கள். உங்கள் பொருளை வாங்கும் அதிகாரம் உள்ள நாற்காலியில் அவர்களோ அவர்களுக்கு நெருக்கமானவரோ இருந்தால்தான் அந்த நாடு உங்களுக்குத் தெரிந்த நாடு.

நாங்கள் எல்லோரும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. இது குறையா?

தொடக்கத்தில் இது பலம். பேசாமலே புரிந்துகொள்வீர்கள், முடிவு வேகமாக வரும். வெளிநாடு என்று வரும்போது அதே நெருக்கம் ஒரு திரையாகிவிடுகிறது. நால்வருக்கும் ஒரே நண்பர்கள், ஒரே செய்தி, ஒரே குருட்டுப் புள்ளி.

இணையவழித் தொலைபேசிச் சேவையான ஸ்கைப் இதற்கு நேர் எதிரான குழு. 2003இல் அதைத் தொடங்கிய நிக்லாஸ் சென்ஸ்ட்ரோம் ஸ்வீடன்காரர், யானுஸ் ஃப்ரீஸ் டென்மார்க்காரர், மென்பொருளை எழுதியவர்கள் எஸ்டோனியாவின் தாலின் நகரத்துப் பொறியாளர்கள், நிறுவனம் பதிவானது லக்ஸம்பர்கில். எந்த நாடு சொந்த நாடு என்ற கேள்வியே அவர்களுக்கு இல்லை. இரண்டே ஆண்டுகளில், 2005இல், இபே அதை 260 கோடி டாலருக்கு வாங்கியது. வைஸின் தாவெத் ஸ்கைப்பின் முதல் ஊழியர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு பன்னாட்டுக் குழுவுக்குள் வளர்ந்தவர் அடுத்த பன்னாட்டு நிறுவனத்தை எப்படிக் கட்டுகிறார் என்பதற்கு அது சாட்சி. ஸோஹோவுக்கும் ஃப்ரெஷ்வொர்க்ஸுக்கும் இடையிலும் அதே தாய் பிள்ளை உறவுதான்.

ஆனாலும் பல நாட்டவரைச் சேர்த்துக்கொள்வதற்காகவே சேர்த்துக்கொள்ளாதீர்கள். வேறுபட்ட குழுவில் ஒவ்வொரு முடிவுக்கும் நேரம் அதிகம் ஆகும், மனக்கசப்பும் எளிதில் வரும். பிறந்த நாட்டைவிட, செய்த வேலையில் வேறுபாடு இருக்கிறதா என்று பார்ப்பதே என் வழக்கம். நான்கு பொறியாளர்கள் கொண்ட குழு எத்தனை நாடுகளைச் சேர்ந்ததாக இருந்தாலும் எனக்குக் கவலைதான். ஒருவராவது கதவைத் தட்டி விற்றவராக, முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று கேட்டுப் பழகியவராக இருக்க வேண்டும்.

நிறுவனர்களில் யார் போக வேண்டும்?

இந்தக் கேள்வியில்தான் அதிகக் குழுக்கள் தடுமாறுகின்றன. வழக்கமாக யாருக்குக் கல்யாணம் ஆகவில்லையோ அவரை அனுப்புவார்கள், அல்லது ஆங்கிலம் சரளமாக வருபவரை. இரண்டுமே தவறான அளவுகோல் என்று நினைக்கிறேன். அங்கே நின்ற இடத்தில் முடிவெடுக்கும் அதிகாரமும், பொருளை மாற்றச் சொல்லும் உரிமையும் யாருக்கு இருக்கிறதோ அவர்தான் போக வேண்டும்.

சென்னைக்கும் கலிஃபோர்னியாவுக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வேறுபாடு, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. அங்கே இருப்பவர் ஒவ்வொரு சலுகைக்கும் ஊரில் கேட்டுத்தான் சொல்ல வேண்டுமென்றால், ஒரு கேள்விக்குப் பதில் வர ஒரு நாள். வாங்க வந்தவர் அதற்குள் வேறு இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்.

நம் ஊரில் இந்தக் கணக்கை மிக முன்பே தீர்த்து வைத்தவர்கள் நகரத்தார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வட்டிக்கடை நடத்திய செட்டியார் நிறுவனங்களில் முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டில் இருப்பார். கடல் கடந்து கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு முதலாளி எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் இருக்கும். யாருக்குக் கடன் கொடுப்பது, எவ்வளவு என்பதை அவரே முடிவு செய்வார். அவருக்குக் கீழே அடுத்த ஆள், பெட்டியடிப் பையன் என்று படிகள். மூன்று ஆண்டுகள் ஒரு தவணை. தவணை முடிந்ததும் அவர் ஊர் திரும்புவார், கணக்கு ஒப்படைக்கப்படும், அடுத்தவர் கப்பல் ஏறுவார். இலாபத்தில் அவருக்கும் பங்கு உண்டு. முழு அதிகாரம், ஆனால் ஐந்தொகை, அதாவது சொத்தையும் கடனையும் காட்டும் கணக்கு, ஊருக்கு வந்தாக வேண்டும். அதிகாரத்தையும் கணக்குக் கேட்பதையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்து எழுதி வைத்த ஏற்பாட்டை இன்றைய நிறுவனர் ஒப்பந்தங்களில் நான் அரிதாகவே பார்க்கிறேன்.

ஸோஹோவின் தொடக்கமும் இதே சாயலில் இருந்தது. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று குவால்காமில் வேலை பார்த்திருந்த ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் பக்கத்தில் நின்றார். சென்னையில் அவருடைய சகோதரர்கள் பொறியாளர் குழுவைக் கட்டினார்கள். வாங்குபவர் பக்கத்தில் ஒரு நிறுவனர், செய்பவர் பக்கத்தில் ஒரு நிறுவனர், நடுவில் உறவு தந்த நம்பிக்கை. 2000களின் தொடக்கத்தில் தொலைத்தொடர்புத் துறை சரிந்து பழைய வாடிக்கையாளர்கள் கரைந்தபோது வேறு மென்பொருள்களுக்குத் திரும்ப அவர்களால் முடிந்தது. வெளியார் முதலீடு வாங்காததால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். ஸ்ரீதர் வேம்பு பின்னாளில் தென்காசி அருகே மத்தளம்பாறையில் குடியேறினார். வாடிக்கையாளர் பக்கத்தில் நிறுவனர் நின்றே ஆக வேண்டிய காலம் என்று ஒன்று உண்டு. அது கடந்துபோகவும் செய்யும்.

அங்கேயே அனுபவமுள்ள ஒரு விற்பனைத் தலைவரை நியமித்துவிட்டால் போதாதா?

இரண்டாம் ஆண்டில் நியமியுங்கள். முதல் ஆண்டில் வேண்டாம். பெரிய நிறுவனத்திலிருந்து வருபவருக்குப் பெயரும் விலைப்பட்டியலும் தயாராக இருந்த இடத்தில் விற்றுத்தான் பழக்கம். உங்கள் பொருளை யார், எதற்காக வாங்குகிறார்கள் என்பதே இன்னும் தெரியாத நிலையில் அவர் வந்து சேர்ந்தால், அதைக் கண்டுபிடிக்கும் வேலை அவர் தலையில் விழும். ஒன்பது மாதம் கழித்து அவர் போய்விடுவார். அவர் ஏன் தோற்றார் என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நிறுவனர்கள் தாங்களே பத்துப் பதினைந்து பேருக்கு விற்றுவிட்டு, "இப்படித்தான் விற்கிறது" என்று ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்க முடிகிற நாளில் ஆள் எடுங்கள்.

போகிற நிறுவனருக்குக் கூடுதல் பங்கு தர வேண்டுமா?

வேண்டாம். வாடகை, பள்ளிக் கட்டணம், ஆண்டுக்கு இரண்டு முறை ஊருக்கு வந்துபோகும் டிக்கெட் ஆகியவற்றை நிறுவனம் தாராளமாகக் கொடுக்கட்டும். பங்கைத் தொட்டால் ஊரில் இருப்பவர் உழைப்புக்கு மதிப்பு குறைந்ததாக ஆகிவிடும். அந்தப் புண் எளிதில் ஆறாது.

நிறுவனர்கள் வேறு வேறு நாடுகளில் இருந்தால் சட்டச் சிக்கல் வருமா?

வரும். பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். முதலிலேயே யோசிக்க வேண்டியது. இந்திய நிறுவனச் சட்டத்தின்படி இயக்குநர்களில் ஒருவராவது நிதியாண்டில் குறைந்தது 182 நாட்கள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். இரண்டே நிறுவனர்கள், இருவரும் கிளம்பிவிட்டால் இங்கே யார்? சிங்கப்பூரில் பதிவு செய்தால் அங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது தேவை. அமெரிக்காவில் புதிய அலுவலகம் திறக்க எல்-1 விசாவில் (நிறுவனம் தன் ஆளைத் தன் அமெரிக்க அலுவலகத்துக்கு மாற்றும் விசா) போவதென்றால், போகிறவர் முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் தொடர்ந்து ஓராண்டு உங்கள் நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். புதிய அலுவலகத்துக்கு முதலில் ஓராண்டுதான் தருவார்கள். ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்த இணை நிறுவனரை அந்த வழியில் அனுப்ப முடியாது. தனி மனிதராக நீங்கள் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பக்கூடிய தொகைக்கும் வரம்பு உண்டு: நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்.

நிறுவனம் வெளிநாட்டில் பதிவாகியிருந்தாலும், முக்கிய முடிவுகள் எல்லாம் இந்தியாவில் உட்கார்ந்து எடுக்கப்பட்டால் அதை இந்திய நிறுவனமாகக் கருதி இங்கே வரி விதிக்க இடம் இருக்கிறது. ஆண்டு வரவு 50 கோடி ரூபாய்க்குள் இருக்கும் நிறுவனங்களுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் நீங்கள் அதைத் தாண்ட வேண்டும் என்றுதானே போகிறீர்கள்? எந்த நிறுவனர் எந்த ஊரில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார் என்பதை ஆடிட்டரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலீட்டாளர் நிறுவனத்தையே அமெரிக்காவுக்கோ சிங்கப்பூருக்கோ மாற்றச் சொல்கிறார். செய்யலாமா?

எங்கே பதிவாகிறது என்பதும் எங்கே விற்கிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள். போவது எளிது, திரும்புவது விலை கூடியது. சிங்கப்பூரிலிருந்த ஃபோன்பே 2022இல் இந்தியாவுக்குத் திரும்பியபோது அதன் முதலீட்டாளர்கள் ஏறக்குறைய 8,000 கோடி ரூபாய் வரி கட்ட நேர்ந்தது. வாடிக்கையாளரும் அடுத்த முதலீட்டாளரும் அங்கேதான் என்றால் மாற்றுங்கள். அங்கே உங்களில் ஒருவர்கூட வசிக்கப் போவதில்லை என்றால் நான் மாற்ற மாட்டேன்.

அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் போட்டிக்கு வந்தால்?

உங்களிடம் பணம் எவ்வளவு இருந்தாலும் அஞ்சத்தான் வேண்டும். ஊபர் தென்கிழக்கு ஆசியாவுக்கு வந்தபோது எதிரே நின்ற டாக்சி செயலியான கிராபின் நிறுவனர்கள் ஆன்டனி டானும் டான் ஹூய் லிங்கும் மலேசியர்கள். ஹார்வர்டில் ஒன்றாகப் படித்தவர்கள். கோலாலம்பூர் டாக்சியில் ஏறுவது எவ்வளவு பெரிய தலைவலி என்று ஒருவர் அங்கலாய்த்ததில் அவர்கள் யோசனை தொடங்கியது. ஆன்டனி டானின் குடும்பமே வாகனத் தொழிலில் ஊறிய குடும்பம். 2012இல் டாக்சி ஓட்டுநர்களிடம் நேரில் போய், அவர்கள் கையில் இருந்த முறையோடு சேர்த்தே தொழிலைக் கட்டினார்கள். பயணிகள் ரொக்கம் கொடுக்கும் ஊரில் ரொக்கம் வாங்கினார்கள். கடன் அட்டையை நம்பிப் பிறந்த ஊபர், ரொக்கம் வாங்குவதைச் சோதனையாகத் தொடங்கியதே 2015இல் நம் ஹைதராபாத்தில்தான். 2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்கு ஆசியத் தொழிலைக் கிராபுக்குக் கொடுத்துவிட்டு 27.5 விழுக்காடு பங்கைப் பெற்றுக்கொண்டது.

அந்த இருவரிடமும் இரண்டு உலகங்களும் இருந்தன: தொழிலைப் பெரிதாக்கும் கல்வியும் முதலீட்டாளர் தொடர்பும் ஒரு பக்கம், ஓட்டுநரின் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்ற அறிவு இன்னொரு பக்கம். அப்படிப்பட்ட குழு எதிரே இருக்கும் நாட்டில், போட்டியிடுவதைவிடக் கூட்டு சேர்வதைப் பற்றி முதலில் யோசியுங்கள்.

சரிவரவில்லை என்று எப்போது திரும்புவது?

கிளம்புவதற்கு முன்பே எழுதி வையுங்கள்: இந்தத் தேதிக்குள் இத்தனை வாடிக்கையாளர், இந்தத் தொகைக்கு மேல் செலவில்லை. பிறகு, அதைப் பார்த்து முடிவு சொல்லும் பொறுப்பை ஊரில் இருக்கும் நிறுவனருக்குக் கொடுங்கள். போனவருக்கு அது முடியாது. அவர் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போனவர், சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போனவர், "இன்னும் மூன்று மாதம்" என்றுதான் அவருக்குச் சொல்ல வரும். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படி நம்புகிறார்.

நிறுவனர்கள் என்றைக்காவது ஒதுங்கிக்கொள்ள வேண்டுமா?

நிறுவனர்களின் அறிவு எந்த அளவுக்கு நீளுமோ அந்த அளவுக்குப் பிறகு வேறு கை தேவைப்படலாம். ஃப்ரெஷ்வொர்க்ஸில் கிரிஷ் மாத்ருபூதம் 2024 மே மாதம் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகினார். கூகுளிலும் டிராப்பாக்ஸிலும் பெரிய பொறுப்புகளில் இருந்த டெனிஸ் உட்சைட் அந்த இடத்துக்கு வந்தார். அவர் முன்னரே நிறுவனத்தின் தலைவராகச் சேர்ந்து ஒன்றரை ஆண்டுக்கும் மேல் உள்ளே இருந்தவர் என்பதைக் கவனியுங்கள். பொறுப்பை மாற்றும் நாளில் வெளியிலிருந்து ஒருவரை இறக்கவில்லை.

அந்த நாட்டு மொழி தெரிந்திருக்க வேண்டுமா?

ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் போன்ற நாடுகளுக்கு ஆம். நிறுவனருக்கே தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் போதாது. அந்த மொழியில் விற்கத் தெரிந்த ஒருவரை நிறுவனருக்கு நிகரான இடத்தில் வைக்க வேண்டும்.

குடும்பத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லையே?

ஆம், இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் மௌனம். முதலீட்டாளர் கூட்டத்தில் எத்தனையோ அட்டவணைகள் காட்டப்படுகின்றன. போகிற நிறுவனரின் மனைவிக்கோ கணவருக்கோ அந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி கிடைக்குமா என்ற வரி எதிலும் இருப்பதில்லை. பள்ளியில் பாதி ஆண்டில் குழந்தையை மாற்ற முடியுமா, ஊரில் இருக்கும் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்றால் யார் கூட்டிப்போவது, எதுவும் கேட்கப்படுவதில்லை. எட்டாவது மாதத்தில் அவர் திரும்பி வந்து நிற்கும்போது "சந்தை சரியில்லை" என்று அறிக்கை எழுதப்படுகிறது. அடுத்த குழுவும் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு அந்த நாட்டைத் தவிர்க்கிறது.

எனவே நாட்டைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை அலுவலகத்தில் நடத்தாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிறுவனர்கள் எல்லோரும் குடும்பத்தோடு ஒருவர் வீட்டில் சாப்பிட உட்காருங்கள். போக வேண்டியவர் யார் என்று வீட்டார் முன்னிலையில் பேசுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்கும் முதல் கேள்வியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.